வருஷப்பிறப்புக்குப் போன போர்த்தேங்காய்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து சிக்கு விழுந்த பாவு நூல் மாதிரி இருக்கும். நான்காம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன் நான். எந்த இடத்தில் எந்த ரகரம் போடுவது என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். நம் அருப்புக்கோட்டை வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அக்கரைச் சமாசாரம் எழுதித் தா என்று தம்பிகள் என்னை விடாமல் அரித்தார்கள். பிழைகளை அவர்களே திருத்திக்கொள்ளட்டும். நேரில் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. எழுத்தில் கொஞ்சம் துணிச்சல் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நெசவு கற்றுக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் நூலைக் கையில் எடுக்கும் முன்னால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்ரர், நீங்கள் எவ்விடம்? ஆற்றை ஆக்கள்?" என்பது. யாருடைய ஆட்கள் என்று அர்த்தம். பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் சொன்னால் என் பாட்டனாரின் கலியாணம் வரையில் போவார்கள். நான் தலையைக் குனிந்து பாவு நூலை இழுத்துவிடுவேன். அதனால் எனக்கு மிகவும் அடக்கமானவர் என்று பெயர்.

யுவ வருஷம் பிறக்க இருந்த சமயம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். எனக்குச் சமைத்துப் போட்ட ஆளும் ஊருக்குப் போய்விட்டான். என்னோடு வேலை பார்த்த கதிரேசு என்ற கணக்கு வாத்தியார், "மாஸ்ரர், தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? எங்களோடை பருத்தித்துறைப் பக்கம் வாங்கோ. வருஷப்பிறப்பெண்டால் அங்கைதான் வருஷப்பிறப்பு" என்றார். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும், அங்கேதான் எல்லாம். முடியாது என்று சொல்லத் தெரியாததால் புறப்பட்டேன்.

பஸ் ஏறிய பிறகுதான் என்னை அழைத்த காரணம் தெரிந்தது. வாத்தியாரின் மடியில் பட்டுத் துணியில் பொதிந்த ஒரு பொட்டலம் இருந்தது. கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நாகம்மா வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே துணியை விலக்கிக் காட்டினார். திருநீறு பூசி, குங்குமம் வைத்த ஒரு தேங்காய்.

இந்த ஊரில் வருஷப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் என்று ஒரு சண்டை உண்டு. ஓடு தடித்த தேங்காயாகத் தேடி எடுத்து வைத்திருப்பார்கள். ஒருவன் தன் தேங்காயைத் தரையில் வைப்பான். மற்றவன் தன் தேங்காயால் ஓங்கி அடிப்பான். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றான். மீசை நரைத்தவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இதற்கு இறங்குவார்கள். நம் ஊரில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியோடு முடிந்துவிடும். இவர்களுக்குத் தேங்காய் மண்டையை உடைக்காமல் வருஷம் பிறக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கதிரேசு வாத்தியார் இந்தத் தேங்காயால் தன் மைத்துனர் வேலாயுதத்தின் தேங்காயை உடைத்திருக்கிறார். நாகம்மாவின் அண்ணன் அவர், தோட்டம் செய்கிறவர். தோற்ற வேலாயுதம், வாத்தியாரின் தேங்காயைக் காட்டி, "கண்ணுக்குள்ளாலை அரக்கு ஊத்தின தேங்காய்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். அன்று பேச்சு நின்றது. "தேங்காய் சுத்தம் எண்டு ஊரறியச் சொன்னால்தான் அந்த வீட்டுப் படி மிதிப்பம்" என்று இவர். "உடைச்சுக் காட்டினால் சொல்லுறன்" என்று அவர்.

"உடைத்துக் காட்டினால் என்ன?" என்று நான் கேட்டேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

வாத்தியார் என்னைச் சின்ன வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெண்ட தேங்காயை நானே உடைச்சால் என்ரை வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு, மாஸ்ரர்? நான் ஒரு சட்டம்பியார்." சட்டம்பியார் என்றால் அங்கே வாத்தியார், வெண்ட என்றால் வென்ற. "நீங்கள் பிறத்தி ஆள். நீங்கள் பக்கத்திலை நிண்டால் மச்சான் கையை ஓங்கமாட்டான்."

ஆக, அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளத்தான் என்னைக் கூட்டிப்போகிறார் என்று விளங்கியது.

நாகம்மா அப்போதுதான் திரும்பினாள். "அம்மா தை மாசம் தொடக்கம் பாயிலை, அண்ணை" என்றாள் என்னிடம். "இந்த வருஷம் மருத்துநீரை அம்மாதான் என்ரை தலையிலை வைக்கவேணும். அடுத்த வருஷத்துக்கு அவ இருப்பாவோ தெரியாது." வாத்தியார் துணியைச் சரியாக மூடினார். மனைவி சொன்னதைவிடத் தேங்காய்க்குக் காற்றுப் படக்கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

வல்லை வெளி என்று ஓர் இடம். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. கடல்நீர் தேங்கிய வெளியும் உப்புக் காற்றும்தான். சொல்லிவைத்ததுபோல் பஸ் அங்கே புகைவிட்டு நின்றது. சாரதி இறங்கி, மூடியைத் திறந்து, தண்ணீர் கேட்டான். சுற்றிலும் தண்ணீர்தான், ஊற்றத்தக்கது ஒரு சொட்டு இல்லை. நம் ஊராக இருந்தால் ஆளுக்கு ஆள் திட்டியிருப்பார்கள். இவர்கள் பஸ்ஸின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து, சுருட்டுப் பற்றவைத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று ஆராயத் தொடங்கினார்கள். கத்தரிக்காய் நிறைந்த பனையோலைக் கடகத்தோடு வந்த ஒரு கிழவர் வாத்தியாரின் மடியைப் பார்த்தார்.

"தம்பி, என்ன, பிள்ளையே?"

"போர்த்தேங்காய், ஐயா."

"தாரும், பாரம் பாப்பம்."

"ஒருத்தர் கையிலையும் குடுக்கிறேல்லை."

"அப்ப பெண்பிள்ளைதான்" என்றார் கிழவர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வாத்தியார் சிரிக்கவில்லை. நாகம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் அந்தக் கிழவரின் தண்ணீர்ச் செம்புதான் பஸ்ஸைக் கிளப்பியது.

வாத்தியாரின் சின்னம்மா வீட்டில் தங்கினோம். பருத்தித்துறைக்கு இரண்டு கட்டை இப்பால். கட்டை என்றால் மைல். நாகம்மாவின் பிறந்த வீடு அடுத்த சந்தில், அங்கே ஒழுங்கை என்பார்கள், ஒரே ஒரு வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே தென்னோலை முடைந்த கிடுகு வேலி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். எல்லாவற்றையும் மறைத்துக் கட்டிவிட்டு, பிறகு அதில் ஒரு பொட்டு வைத்து அதன் வழியாகக் கதைப்பார்கள். மறைப்பதற்கு ஒரு செலவு, பார்ப்பதற்கு ஒரு ஓட்டை.

சாப்பாட்டைப் பற்றி எழுதக்கூடாது, உப்பிட்டவர்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஒடியல் என்று பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து மாவாக்கிப் பிட்டு அவிக்கிறார்கள். நனைந்த ஓலைப்பாயின் வாசனை, அதே கசப்பு. "எப்பிடி மாஸ்ரர்?" என்று சின்னம்மா கேட்டார். நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினேன். அதனால் பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி இன்னொன்று என் இலையில் கவிழ்ந்தது. கூச்சக்காரனுக்கு வயிறு தன்னுடையது இல்லை. தேநீரைச் சர்க்கரை போடாமல் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்தார்கள். ஒரு கடி, ஒரு வாய். ஒன்றாகக் கலக்கினால் என்ன கெட்டுவிடும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை கோயில் வெளியில் போர்த்தேங்காய்ச் சண்டை தொடங்கியது. வருஷம் பிறக்க இன்னும் நேரம் இருக்கிறதே என்றால், கை பழக்குகிறார்களாம். வாத்தியார் பொட்டலத்தோடு போய் நின்றார். பின்னால் நான். எதிரே கறுப்பாக, நெஞ்சு அகன்ற ஒருவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்தார். வேலாயுதம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாகம்மாவின் அதே மூக்கு.

"உந்த அரக்குத் தேங்காயை இன்னும் எறியேல்லையே, மச்சான்?"

"மரியாதையாய்க் கதையும். இது வெண்ட தேங்காய்."

"வெண்ட தேங்காயெண்டால் கையிலை தாரும். தூக்கினால் நான் சொல்லிப்போடுவன்."

"உம்மடை கைபட்டால் தீட்டு."

"ஓமோம். கணக்குச் சட்டம்பியாரல்லே! கண்ணைத் திறந்து, தண்ணியைக் கழிச்சு, அரக்கைக் கூட்டி, மிச்சத்தை எங்களுக்கு விட்டவர்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. வாத்தியார் என்னை முன்னால் தள்ளினார். வேலாயுதம் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவர் ஆர், தேங்காய்க்குக் காவலோ?" என்றார். நான் நெசவு மாஸ்டர் என்று முணுமுணுத்தேன். "பாவம், நல்ல மனுஷரைக் கொண்டுவந்து வெய்யிலிலை விட்டிருக்கு" என்று சொல்லி, அவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மைத்துனருக்குக் கொடுக்கவில்லை. திரும்புகிறபோது குரலைத் தாழ்த்தி, "அம்மா நாகுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறா" என்றார். அது வாத்தியாருக்குச் சொன்னது. வாத்தியார் காதில் வாங்காததுபோல் நடந்தார்.

வருஷம் பிறந்த நாள். எப்போது பிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே இரண்டு பஞ்சாங்கம். வாத்தியார் நம்புகிற பஞ்சாங்கத்துக்கும் ஊர் நம்புகிறதற்கும் பல நாழிகை வித்தியாசம். தம்முடைய பஞ்சாங்கப்படி தாம் முன்பே பழைய வருஷத்தைக் கடந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியோ, மத்தியானத்துக்குள் புண்ணியகாலம் முடிகிறது என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின. அதற்குள் மருத்துநீர் வைத்துத் தலைமுழுக வேண்டும்.

மருத்துநீர் என்பது கோயிலில் காய்ச்சிக் கொடுக்கிற பச்சிலைக் கஷாயம். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, வீட்டில் மூத்தவர் உச்சியில் ஊற்றித் தடவுவார். சின்னம்மா எனக்கும் தடவினார். மாட்டுத்தொழுவ வாசனையோடு கண்ணில் இறங்கி எரிந்தது. மங்களம் என்றார்கள். கிணற்றில் முழுகி வந்தேன். வாத்தியார் சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குப் போனார். போகும்போதே உரக்கச் சொன்னார்: "அவன் வந்து சொல்லட்டும். சொல்லாமல் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகேலாது."

நாகம்மா முழுகாமல் உட்கார்ந்திருந்தாள். தாய் கையால்தான் என்று பிடிவாதம். வேலிப் பொட்டில் யாரோ வந்து, "நாகு, அம்மா செம்பைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கிடக்கிறா, ஒருத்தரையும் தொட விடுறாவில்லை" என்று சொல்லிப் போனார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு தட்டம். வெற்றிலை, பூ, கற்பூரம், மஞ்சள் பூசிக் கழுவிய ஒரு தேங்காய்.

"அண்ணை, நீங்கள் தோய்ஞ்சிட்டியள். நான் இன்னும் தோயேல்லை, கோயிலுக்கு வரக்கூடாது. என்ரை பேரிலை பிள்ளையாருக்கு இதை உடைச்சுவிடுங்கோ."

கிணற்றடியைப் பார்த்தபடி அவசரமாக நீட்டினாள். பசி என்று நினைத்தேன். தட்டத்தை வாங்கியபோது தேங்காய் கல்லாய்க் கனத்தது. இந்த ஊர்த் தேங்காய் இப்படித்தான் போலும் என்று நடந்தேன்.

பிள்ளையார் கோயில் வாசலில், மதில் மூலையில் தேங்காய் உடைக்கிற கல். கற்பூரம் ஏற்றிவிட்டுத் தேங்காயை எறிந்தேன். உடையவில்லை. கல்லில் பட்டுத் துள்ளி உருண்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊரில் ஒருவன் தேங்காய் உடையாவிட்டால் மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். இங்கே அருகில் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"குனிஞ்சு எறியுங்கோ."

"அவருக்குப் பிள்ளையாரோடை என்ன கோவமோ!"

"நூல் பிடிச்ச கை, பாவம்."

மறுபடி எறிந்தேன். கல்லின் விளிம்பு பெயர்ந்தது. மஞ்சள் உரிந்த இடத்தில், தேங்காய்க் கண்ணின் ஓரம், பழைய குங்குமம் தெரிந்தது. இது வாத்தியாரின் போர்த்தேங்காய். உடைக்கவும் முடியாது, எடுத்துக்கொண்டு திரும்பவும் முடியாது. பிள்ளையாருக்கென்று எறிந்ததை எப்படித் திருப்பிக் கொண்டுபோவது?

"விலகுங்கோ. நான் பாக்கிறன்" என்றது ஒரு குரல். வேலாயுதம். குனிந்து தேங்காயை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. காதருகில் வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை.

"ஆர் தந்தது?"

"உங்க தங்கச்சி. அவங்க பேர்ல உடைக்கச் சொன்னாங்க."

அவர் சற்று நேரம் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் பின்னாலை போங்கோ, சிதறும்" என்று அதட்டினார். அவருடைய குரலுக்குக் கூட்டம் நன்றாகவே பின்வாங்கியது. தோளுக்கு மேல் தூக்கி அடித்தார். வெடிச் சத்தம். தேங்காய் பிளந்தது.

உள்ளே தேங்காய் இல்லை. சிவப்பாக, கட்டியாக அரக்கு.

பார்த்தது நானும் அவரும்தான். அடுத்த கணம் அவருடைய சால்வை அதன்மேல் விழுந்தது. துண்டுகளை அள்ளிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இது என்ரை மச்சான்ரை போர்த்தேங்காய்" என்றார், வெளி முழுவதும் கேட்க. "இப்பதான் கண்ணாலை கண்டன். சுத்தமான தேங்காய். மூண்டு வருஷமாய் நான் சொன்னது பிழை."

மூன்று வருஷம் இந்த மனிதர் கத்திய கத்தல் என்ன! நேற்றைய பரிகாசம் என்ன! கையில் அத்தாட்சி கிடைத்த நிமிஷத்தில் அதைச் சால்வையில் சுருட்டுகிறார். இவர்களுடைய ரோஷத்தின் லட்சணம் இது. நான் எப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பவன். அன்று எப்படியோ வாய் வந்துவிட்டது. கோயில் கேணிப் படியில் அவர் இறங்கும்போது பின்னால் போய், "பொய்தானே ஐயா?" என்றேன்.

அவர் துண்டுகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். "மத்தியானத்தோடை புண்ணியகாலம் முடியுது, மாஸ்ரர். உண்மையைப் பிறகு பாப்பம்" என்றார்.

அப்போதுதான் வாத்தியார் ஓடிவந்தார். ஈர வேட்டி, காதோரம் சவர்க்கார நுரை. பட்டுத் துணி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊர்க்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சட்டம்பியார், உங்கடை தேங்காய் சுத்தமாம். வேலாயுதமே சொல்லிப்போட்டார்" என்றார். வாத்தியார் கேணிப் பக்கம் பார்த்தார். தேங்காய்க்குள் என்ன இருந்தது என்று உலகத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்தானே.

வேலாயுதம் ஈரக் கையோடு அவரிடம் வந்தார். "ஊரறியச் சொல்லிப்போட்டன், மச்சான். நாகுவைக் கூட்டிக்கொண்டு போறன்."

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

நாகம்மா ஒழுங்கையைச் சுற்றிப் போகவில்லை. வேலிப் பொட்டைக் கையால் பிய்த்து அகலமாக்கிக்கொண்டு அப்படியே நுழைந்தாள். புதுக் கிடுகு நாசம். நாங்கள் சுற்றி வந்து சேர்ந்தபோது, தாய் பாயில் சாய்ந்தபடி மகள் உச்சியில் மருத்துநீர் தடவிக்கொண்டிருந்தார். விரல்களில் வலு இல்லை. பாதி நெற்றியில் வழிந்தது. நாகம்மா துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் எரிந்திருக்கும். எனக்கு எரிந்ததே.

மத்தியானச் சாப்பாடு அங்கேயே. வேலாயுதம் எங்கள் இருவருக்கும் தன் கையாலேயே பரிமாறினார். வருஷப்பிறப்பானதால் ஆள்மாறி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் அவர் தொடங்கினார்.

"இஞ்சை பாருங்கோ, எங்கடை மச்சான். இவரின்ரை தேங்காய்தான் தேங்காய். அப்பிடி ஒரு ஓடு! உள்ளை பாக்கவேணும், வெள்ளை வெளேரெண்டு!"

முதல் ஆளுக்கு வாத்தியார் சிரித்தார். அடுத்த ஆளுக்குப் பாயாசத்தைக் குனிந்து பார்த்தார். அதற்கடுத்த ஆள் வந்தபோது அவர் கை இலையிலேயே நின்றது.

"மச்சான், காணும்" என்றார் மெதுவாக. போதும் என்று அர்த்தம்.

"என்ன காணும்? ஊரறியச் சொல்லச் சொன்னது நீங்கள்தானே? ஊர் இன்னும் எவ்வளவோ கிடக்கு." அவர் இலையில் இன்னொரு அகப்பை பாயாசம் விழுந்தது. "நாகு, அவருக்கு வடை வை. தேங்காய்க்காரர் சாப்பிடுறேல்லை."

நாகம்மா வடை வைத்தாள். ஈரக் கூந்தலில் ஒரு பச்சிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பியது அண்ணன்தான்.

அவள் தாயோடு தங்கிவிட்டாள். வாத்தியாரும் நானும் திரும்பினோம். வல்லை வெளியில் பஸ் நிற்காமல் போனது. வரும்போது அவ்வளவு பேசியவர் போகும்போது வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் யாரோ யாரிடமோ, "உவர்தான் தேங்காய்ச் சட்டம்பியார். சுத்தமான தேங்காயாம்" என்று சொல்வது காதில் விழுந்தது. அடுத்த தவணை தொடங்கியபோது அந்தப் பெயர் எங்கள் பள்ளிக்கூடம் வரை வந்திருந்தது. அவர் காதுபட யாராவது அவரைப் புகழ்ந்தால் வகுப்பை விட்டு வெளியே போய்விடுவார்.

வருஷப்பிறப்பு எப்படி என்று பள்ளிக்கூட மனேஜர் என்னைக் கேட்டார். ஒரு தேங்காய் உடைக்கப் போனேன், உடைக்கத் தெரியவில்லை என்றேன். அடக்கமான மனுஷர் என்று சொல்லிக்கொண்டார்.

அந்தத் தாய் அந்த வருஷமே ஐப்பசியில் காலமானார். இவர்கள் பேசுகிற சத்தியத்தையும் ரோஷத்தையும் நான் இன்றும் ஒரு நூலளவும் நம்புவதில்லை. ஊர்களின் பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றி எழுதியிருக்கிறேன். இது கடல் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் அந்தத் தேங்காய் இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

பிரமாதி வருஷம், ஐப்பசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.